நிக்காஹ்வுக்கு மறுநாள்

எங்கள் ஊரில் ஒரு கலியாண வீட்டுக்கு ஆள் சேருவதைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே மேசன் வருவார். பிறகு தச்சர், வர்ணம் பூசுபவர், பந்தல்காரர், சமையல்காரர். அன்றைய தினம் பள்ளிவாசல் நிர்வாகிகள், மௌலவி, விவாகப் பதிவாளர், மாப்பிள்ளை வீட்டார், அயலூர் உறவினர் என்று வளவு கொள்ளாத கூட்டம். நிக்காஹ் முடிந்து, துஆ முடிந்து, சாப்பாடும் முடிந்தால் மறுநாள் காலையில் பந்தல் கழற்றப்படும். வாடகைக் கதிரைகள் லொறியில் ஏறும். அதன்பின், புதிதாகக் குடும்பம் தொடங்கிய அந்த இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. மறுபடி ஊர் கூடுவது, பிணக்கு முற்றி மாப்பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போன பிறகுதான்.

என் மூத்த மகளுக்கு 24 வயது. இந்த வருடம் அவளுக்குப் பேச்சுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கிறார்கள், கூரையைப் பார்க்கிறார்கள், எத்தனை அறை என்று எண்ணுகிறார்கள். என் மகளும் வரப்போகும் பிள்ளையும் எதை நம்பி வாழப் போகிறார்கள் என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை. ஒரு தாய் என்ற வகையில் நான் பேச விரும்புவது அதைத்தான். திருமணங்கள் நிலைக்க வேண்டும், குடும்பங்கள் நல்லபடி இருக்க வேண்டும் என்று மேடைகளில் எத்தனையோ உபதேசங்கள் கேட்டுவிட்டோம். ஒரு குடும்பத்தைத் தாங்குவது உபதேசம் அல்ல, ஏற்பாடு. என் வீட்டிலும் என் ஊரிலும் நான் கண்டு அறிந்தது இதுதான்.

வீடு பெண்ணுக்கு

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைக் கடந்து வந்தால் எங்கள் சவளக்கடை. மாரி மழை பலத்தால் கிட்டங்கித் தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயும். ஊரும் நகரமும் இரண்டாகிவிடும். சுற்றிலும் வயல். முஸ்லிம்களும் தமிழர்களும் அருகருகே வெள்ளாமை செய்து வாழும் பகுதி இது.

இங்கு மட்டுமல்ல, மருதமுனை தொடங்கி நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரையிலும் ஒரு வழக்கம் உண்டு. பெண் மணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் மகளுக்கு வீடு கொடுக்கிறார்கள். மூத்த மகளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காக அதே வளவில் அல்லது பக்கத்து வளவில் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு நகர்ந்து போவார்கள். எங்கள் அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். தாய் வழியில் வரும் குடி முறையும் இரு சமூகத்துக்கும் பொது. அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் இதைப்பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

இந்த வழக்கத்தைச் சீதனம் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுத் திட்டிவிடுவது எளிது. ஆனால் நன்மையையும் பார்க்க வேண்டும் அல்லவா? மணம் முடித்த பெண் தன் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் நடுவில் இருக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்கு எங்கும் போகத் தேவையில்லை. அவள் வேலியருகே நின்று கூப்பிட்டால் நான்கு பேர் வருவார்கள். இந்தியாவில் புகுந்த வீட்டில் பெண்கள் சீதனத்துக்காக எரிந்து மாண்ட கொடுமை பெருகி, 1986இல் சீதன மரணத்தைத் தனிக் குற்றமாகவே சட்டத்தில் சேர்க்க வேண்டி வந்தது. எங்கள் கரையில் பெண் இருப்பது அவளுடைய வீட்டில். கணவன் விட்டுப் போனாலும் அவளுக்குக் கூரை உண்டு.

என் ராத்தாவுக்கு வாப்பா 1987இல் வீடு கொடுத்தார். ஓட்டு வீடு, இரண்டு அறை, முன்னால் ஒரு விறாந்தை. முதல் ஒரு வருடம் ராத்தா தனியாக உலை வைக்கவில்லை. எங்கள் உம்மாவின் அடுப்பில்தான் எல்லோருக்கும் சோறு. மச்சான் வயலால் வந்ததும் முதல் கோப்பை அவருக்குத்தான் போகும். அந்த ஒரு வருடத்தில் மச்சான் உழைத்த காசு அப்படியே மிஞ்சியது. அதைக்கொண்டு ஒரு சோடி மாடும், அரை ஏக்கர் குத்தகையும் பிடித்தார். பிறகுதான் ராத்தாவுக்குத் தனி அடுப்பு. அதற்குள் இருவருக்கும் ஒருவர் குணம் ஒருவருக்குப் பழகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து நேரே ராத்தா வீட்டுக்கு வருவார். விறாந்தையில் உட்காருவார், வெற்றிலை போடுவார், மச்சானோடு வெள்ளாமைக் கதை பேசுவார். அரை மணித்தியாலத்தில் எழுந்து போய்விடுவார். புத்தி சொன்னதில்லை, கேள்வி கேட்டதில்லை. ஆனால் அவருடைய கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். முகம் வாடியிருந்தால் மறுநாள் உம்மாவிடம் வந்து, "அங்க என்னவோ குறையுது, மெல்ல விசாரிச்சுப் பாருங்க ராத்தா" என்பார். மச்சானுக்கு உரத்துக்குக் காசு போதவில்லை என்று ஒரு முறை அப்படித்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை சண்டை வருமுன் அந்தக் குறை தீர்ந்தது.

கூரை, ஒரு வருடச் சோறு, வாரம் ஒருமுறை வந்துபோகும் ஒரு பெரியவர். இவை மூன்றும் ஏற்பாடுகள். ராத்தாவும் மச்சானும் இன்று பேரப்பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறார்கள்.

வீடு காசானபோது

பிறகு காலம் மாறியது. 1990இல் கிழக்கில் மூண்ட கலவரங்களுக்குப் பின் எத்தனையோ முஸ்லிம் விவசாயிகளுக்குத் தங்கள் வயலுக்குப் போக முடியாமற் போயிற்று. என் வாப்பாவும் அவர்களில் ஒருவர். போகம் போகமாக வயல் தரிசாகக் கிடந்தது. 1994இல் எனக்குக் கிடைத்தது சுவர் பூசாத அரைகுறை வீடு. 1999இல் தங்கச்சிக்குக் கலியாணம் பேசியபோது வீடு கட்ட வாப்பாவிடம் எதுவும் இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் "அப்படியென்றால் காசாகத் தாருங்கள்" என்றார்கள். இருந்த வயலில் பாதியை விற்று இரண்டரை இலட்சம் ரூபா கொடுத்தார். எங்கள் வளவின் பின்பக்கத்தில் இருந்த அறையில் தங்கச்சி குடியிருந்தாள்.

அந்தக் காசு என்னவாயிற்று? வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒருவரிடம் போயிற்று. அவர் காசையும் தரவில்லை, விசாவும் தரவில்லை. மாப்பிள்ளைக்கு உழைப்பும் இல்லை, கையில் காசும் இல்லை. பெண் வீட்டாரின் முகத்தில் விழிக்க வெட்கம். வெட்கம் கோபமாயிற்று. மூன்று வருடம் முடியுமுன் காதியாரிடம் போய் முடிந்தது. அப்போது தங்கச்சியின் கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். என் தங்கச்சியும் பொறுமையில்லாதவள் அல்ல. அந்த இருவரையும் தாங்குவதற்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. வீடு என்பது நிற்கும். காசு என்பது ஓடும். பெண்ணுக்குக் கூரையாக இருந்த ஒன்று, ஆணுக்குக் கைமுதலாக மாறியபோது, அந்த வழக்கத்தின் நன்மை போய்ச் சுமை மட்டும் மிஞ்சியது.

இதில் சட்டம் அறியாதிருந்ததும் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நட்டம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைப் பற்றிப் பேசுகிறது. பெண்ணின் உறவினரோ மற்றவரோ பெண்ணின் உபயோகத்துக்கென மாப்பிள்ளையிடம் கொடுக்கும் காசையும் அசையும் பொருளையுமே அது கைக்கூலி என்கிறது. அதாவது, சட்டத்தின் பார்வையில் அது மாப்பிள்ளைக்கு வந்த பரிசு அல்ல, பெண்ணுக்கு உரியது. அதைத் திருப்பிக் கேட்கும் வழக்கைக் காதியார் விசாரிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கொடுத்ததற்கு யார் சாட்சி? வாப்பா வாயைத் திறக்கவே இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. கணவன் தலாக் சொல்ல விரும்பினால், மனைவி வசிக்கும் பிரதேசத்தின் காதியாருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். காதியார் இரு தரப்பு உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு அவர்களைச் சேர்த்துவைக்க முயல வேண்டும். 30 நாட்கள் கழிந்தும் அது கைகூடாவிட்டால்தான் தலாக். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாருங்கள், ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டம் கொடுக்கும் அந்த 30 நாளும் மரணப் படுக்கையில் வைத்தியரை அழைப்பது போன்றது. பிளவு ஏற்படும் என்று அஞ்சும்போதே இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தும்படி குர்ஆன் வழிகாட்டியிருக்கிறது. அஞ்சும்போது என்பதைக் கவனியுங்கள். உடைந்த பிறகு அல்ல.

தங்கச்சி ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "ராத்தா, எங்கட சண்டைய விசாரிக்க பதினாலு பேர் வந்தாங்க. நாங்க சாப்பிட்டமா என்டு விசாரிக்க ஒருத்தரும் வரல்ல." அவள் கோபத்தோடு சொல்லவில்லை. மா இடித்துக்கொண்டே சொன்னாள்.

இல்லாத கணவன்

என் கதை வேறு. என் கணவர் 2003இல் கட்டாருக்குப் போனார். திரும்பி வந்தது 2014இல். இடையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத விடுமுறை. என் மூத்த மகள் தன் வாப்பாவைக் குரலாகவே அறிந்து வளர்ந்தாள். வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வரும். வரிசையில் நின்று பேசுவோம். காசு எவ்வளவு, சீமெந்து எத்தனை மூட்டை, பிள்ளைக்குக் காய்ச்சலா என்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அவர் அங்கே இருந்தபோதுதான் 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். வயல் பக்கம் இருந்ததால் நாங்கள் தப்பினோம். சாய்ந்தமருதில் கடலோரமாக இருந்த என் மதினியின் வீடு அத்திவாரம் மட்டுமாக நின்றது. அது அவருக்கு அவர் உம்மா கொடுத்த சீதன வீடு. பின்பு நிவாரண வீடுகளுக்குப் பதிவு செய்யும்போது, படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் ஆணின் பெயரை எழுதுவதே அலுவலக வழக்கமாக இருந்தது. பெண்ணின் பெயரில் இருந்து கடலில் போன வீடு, ஆணின் பெயரில் திரும்பி வந்த கதை எங்கள் கரையில் பல. என் மதினியின் கணவர் நல்லவர். "இது இவட வீடு, இவட பேரைப் போடுங்க" என்று நின்று வாதாடினார். எல்லோருக்கும் அப்படிக் கணவர் வாய்ப்பாரா?

எங்கள் கொலனிப் பக்கத்திலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. இங்கே பல குடும்பங்களின் காணி அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரக் காணி. அதற்குப் பொருந்தும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தில், பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால், வாரிசு வரிசையில் ஆண்களுக்கே முன்னிடம் இருந்தது. மகளுக்கு வீடு கொடுக்கும் எங்கள் வழக்கத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் பொருந்தவே இல்லை. 2022இல் செய்த திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. இதைத் தெரிந்துகொண்ட தாய்மார் எத்தனை பேர்?

என் கணவர் திரும்பி வந்த காலத்தைச் சொல்கிறேன். சுவர் பூசி, ஓடு மாற்றி, வீடு பார்க்க நன்றாக இருந்தது. எல்லாம் அவர் உழைப்பு. ஆனால் வந்து இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு அவர் சொன்னார்: "இந்த வீட்டுல எது எங்க இருக்கு என்டு எனக்குத் தெரியாது. நான் விருந்தாளி மாதிரி." பிள்ளைகள் எதற்கும் என்னையே கேட்பார்கள். அவர் கதிரையில் உட்கார்ந்திருப்பார். பதினொரு வருடம் தனியாக முடிவெடுத்துப் பழகிய எனக்கும் இன்னொருவரைக் கேட்டுச் செய்வது புதிதாக இருந்தது. அந்த ஒரு வருடம் எங்களுக்குக் கடினமான வருடம். அன்று எங்களைக் காத்தது என்ன தெரியுமா? வாப்பாவிடம் மிஞ்சியிருந்த வயல் துண்டு. "மருமகன், எனக்கு ஏலாது, இந்தப் போகத்த நீங்க பாருங்க" என்று வாப்பா அதை ஒப்படைத்தார். அவருக்குக் காலையில் போக ஓர் இடம் கிடைத்தது. மகனையும் கூட்டிக்கொண்டு போனார். வரம்பு கட்டியபடியே தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

கடல் கடந்த ஒரு பாடம்

இந்த அனுபவம் எங்களுக்கு மட்டும் உரியதா என்று யோசித்தபோது, அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி வாசித்தவை நினைவுக்கு வந்தன. அங்கேயும் குடும்பம், திருமணம், இல்லாத தகப்பன் என்ற பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது.

அடிமை முறை இருந்த காலத்தில் அவர்களுடைய திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. கணவனை ஒரு திசைக்கும் மனைவியை ஒரு திசைக்கும் எசமான் விற்கலாம். 1865இல் அடிமை முறை ஒழிந்ததும் அவர்களில் எத்தனையோ பேர் பிரிந்த துணையையும் பிள்ளைகளையும் தேடிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். காணாமற்போன உறவினரைத் தேடிப் பத்திரிகைகளில் வருடக்கணக்காக அறிவித்தல் கொடுத்தார்கள். குடும்பத்தின் அருமையை அந்த மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையிருக்கவில்லை.

ஆனால் நூறு வருடம் கழித்து, 1965இல், டானியல் பற்றிக் மொய்னிஹான் என்ற அதிகாரி எழுதிய அரசாங்க அறிக்கை, கறுப்பினக் குடும்ப அமைப்பு சிதைவதையே அவர்களுடைய துன்பங்களின் நடுவில் வைத்துப் பேசியது. வேலையின்மையையும் அது சொன்னதுதான். ஆயினும் ஊரார் காதில் விழுந்தது குடும்பத்தைப் பற்றிய குறைதான். பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்குவதா என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்பு ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் காலத்தில் ஆரோக்கியமான திருமணத் திட்டம் என்ற ஒன்று வந்தது. கறுப்பின மக்களுக்கென அதில் தனிப் பிரிவும் இருந்தது. 2006இலிருந்து திருமணத்துக்கும் தகப்பன்மாருக்குமான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 15 கோடி டொலர் வரை ஒதுக்கினார்கள்.

பலன் என்ன? எட்டு இடங்களில், பிள்ளை பிறக்கவிருந்த அல்லது பிறந்து சிறிது காலமேயான 5,000க்கும் மேற்பட்ட சோடிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் கறுப்பினத்தவர். இணக்கமாகப் பேசுவது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி என்று ஒரு பகுதியினருக்குக் கற்பித்தார்கள். மறு பகுதியினருக்கு அந்த வகுப்பு இல்லை. மூன்று வருடம் கழிந்த நிலையை 2012இல் வெளியிட்டபோது, மொத்தமாகப் பார்க்கையில் இரு பகுதியினருக்கும் வித்தியாசமே இல்லை. வகுப்புக் கிடைத்தவர்கள் கூடுதலாகச் சேர்ந்து வாழவும் இல்லை, கூடுதலாக மணம் முடிக்கவும் இல்லை.

என் புத்திக்கு எட்டிய வரையில் காரணம் இதுதான். வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரின் வேலையின்மை பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ இரு மடங்கு. சிறையில் கிடக்கும் ஆண்களும் அவர்களிலேயே மிக அதிகம். தகப்பனைச் சிறை எடுத்துக்கொண்ட வீட்டில், வாடகை கட்ட வழியில்லாத வீட்டில், இனிமையாகப் பேசும் முறையைக் கற்பித்து என்ன ஆகும்? வகுப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் முஸ்லிம் இளைஞர்களும் யுவதிகளும் நிக்காஹ்வுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் வகுப்பு மட்டும் கூரையாகாது, வேலையாகாது, வெள்ளிக்கிழமை வந்துபோகும் மாமாவாகாது.

நாம் செய்யக்கூடியது

ஆகவே என் மகளின் விஷயத்தில் நானும் அவள் வாப்பாவும் இருந்து பேசிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம்.

முதலாவது, வீடு உண்டு, காசு இல்லை. எங்களால் இயன்ற இரண்டு அறை வீடு, எங்கள் மகளின் பெயரிலேயே எழுதப்படும். நிக்காஹ்வுக்கு முன்பே எழுதி, மாப்பிள்ளை வீட்டாருக்கும் காட்டப்படும். ஒளிவு மறைவு எதற்கு?

இரண்டாவது, மஹர். என் காவினில் எழுதிய மஹர் 1,001 ரூபா. தங்கச்சியின் காவினிலும் அப்படித்தான் ஒரு சிறு தொகை. அதே கலியாணத்தில் கைமாறியதோ இரண்டரை இலட்சம். ஆண் கொடுக்க வேண்டியது பெயருக்கும், பெண் வீட்டார் கொடுக்கக் கடமையில்லாதது இலட்சத்துக்கும் என்று தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மகள் தன் மஹரைத் தானே சொல்வாள். பெரிய தொகை கேட்கமாட்டாள், ஆனால் சொன்னது அவள் கைக்கு வர வேண்டும்.

மூன்றாவது, எது கொடுத்தாலும், நகையாயினும் தளபாடமாயினும், எழுதி இரு தரப்பும் கையொப்பம் வைப்பது. நம்பிக்கையில்லாமல் அல்ல. கடன் கொடுத்து வாங்குவதையே எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது.

நான்காவது, முதல் ஒரு வருடம் மாப்பிள்ளை வெளிநாடு போகக்கூடாது. அந்த ஒரு வருடமும் எங்கள் அடுப்பில் அவர்களுக்குச் சோறு உண்டு. உழைப்பது அவர்களுக்கு மிஞ்சட்டும். பிறகு போகத்தான் வேண்டுமென்றால், இருவரும் இருந்து பேசி, எத்தனை வருடம், எதற்காக என்று கணக்கிட்டுப் போகட்டும். அனுப்பும் காசில் ஒரு பங்கு அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

ஐந்தாவது, எங்கள் தரப்பில் ஒருவர், மாப்பிள்ளை தரப்பில் ஒருவர் என்று இரண்டு பெரியவர்களை இப்போதே கேட்டுக்கொள்வது. அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மாதம் ஒரு தடவை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனால் போதும். எங்கள் தரப்புக்கு நான் என் தங்கச்சியைக் கேட்டிருக்கிறேன். குறை எங்கே தொடங்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் நடக்கும் பள்ளிவாசலில் அந்தச் சோடியின் பெயர் புத்தகத்தில் எழுதப்படுகிறது. ஆறு மாதம் கழித்து அந்தப் புத்தகத்தைத் திறந்து, இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தடவை விசாரிக்க முடியாதா? ஊரில் சேரும் நிதியிலிருந்து, புதிதாக மணம் முடித்து வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு வட்டியில்லாமல் ஒரு சிறு கடன் கொடுக்க முடியாதா? ஒரு தையல் இயந்திரம், ஒரு முச்சக்கர வண்டிக்கு முற்பணம், ஒரு போகத்துக்கு விதையும் உரமும் கிடைத்தால் எத்தனை தலாக் நின்றுபோகும் என்று எண்ணிப் பாருங்கள்.

சகோதரிகளே, இதெல்லாம் சொல்ல எளிது என்று நீங்கள் நினைக்கலாம். எளிதல்ல. போன மாதம் ஒரு நல்ல இடம் வந்தது. படித்த பிள்ளை, அமைதியான குணம், மகளுக்கும் பிடித்திருந்தது. வீட்டோடு பதினைந்து இலட்சம் கேட்டார்கள். எங்கள் முடிவுகளை நாங்கள் சொன்னோம். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். "யோசிச்சுச் சொல்றம்" என்று எழுந்து போனார்கள். இன்னும் பதில் வரவில்லை. அயலில் உள்ளவர்கள், "காசைக் குடுத்து முடிங்க, வயது போகுது" என்கிறார்கள். மகளிடம் கேட்டேன். "அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்குவோம் உம்மா, அது ஒரு வருசமாவது வீட்டுல நிக்கும்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

அவள் காத்திருக்கத் தயார். ஆனால் அவளைப்போல ஒருத்தி மட்டும் காத்திருந்தால் அது அவளுடைய துன்பம். ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்து, வீடு தருவோம், காசு தரமாட்டோம், நிக்காஹ்வுக்கு மறுநாளும் வருவோம் என்று சொன்னால் அது ஊர் வழக்கம். வழக்கங்கள் வானத்திலிருந்து இறங்கவில்லை. மகளுக்குக் கூரை வேண்டும் என்று நம் மூத்தம்மாமார் சேர்ந்து உண்டாக்கியதுதான் இன்றைய வழக்கமும். நம் மக்களுக்காக அதைத் திருத்தும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. உங்கள் தெருவில் அடுத்த கலியாணம் யாருடையது? பந்தல் கழற்றிய பிறகு அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.